வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தை: தமிழ்நாட்டில் உதவி எங்கே, எந்த வரிசையில்?

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒன்றரை வயது தாண்டியும் நடை வரவில்லை. இப்படி ஏதோ ஒன்று மனதை உறுத்த ஆரம்பித்து, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இதற்கான சேவைகள் இருக்கின்றன. அரசு தருபவற்றில் பெரும்பாலானவை இலவசம். ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. சுகாதாரத் துறை ஒரு பக்கம், பள்ளிக் கல்வித் துறை ஒரு பக்கம், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை இன்னொரு பக்கம். ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்பது பல நேரம் தெரியாது. அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதை நாம்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. "ஆட்டிசமா, இல்லையா என்று உறுதியாகட்டும், அப்புறம் பயிற்சி ஆரம்பிக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். குறைபாட்டின் பெயர் உறுதியாக ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். முதல் சில வருடங்களில் மூளை வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். பரிசோதனை, பயிற்சி, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேலை மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

ஒவ்வொரு குழந்தையும் ஒரு வேகம்தான். ஆனாலும் சில எல்லைகள் உண்டு. 9 மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், மழலையாய்ச் சத்தம் எழுப்ப வேண்டும், கை காட்டி எதையாவது கேட்க வேண்டும். 16 மாதத்துக்குள் ஒற்றைச் சொல்லாவது வந்திருக்க வேண்டும். 18 மாதத்துக்குள் நடக்க வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் காட்டுவது நல்லது. பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே போங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்பார்கள். ஆம்பளப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், வசம்பு உரைத்து நாக்கில் தடவு, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள் என்றும் சொல்வார்கள். வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வாருங்கள், தவறில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் காதுப் பரிசோதனைக்குக் கிளம்புங்கள். பார்க்கப் போய் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நமக்கு ஒரு நாள்தான் நஷ்டம்.

முதலில் காது

பேச்சு தாமதம் என்றாலே இப்போது எல்லோருக்கும் ஆட்டிசம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவைச் சாத்தினால் திடுக்கிடுகிறான், அதனால் காது கேட்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிடக் கூடாது. பலத்த சத்தம் மட்டும் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகும் குழந்தைகள் உண்டு. ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. இரண்டிலும் வலி இல்லை. பெரா எடுக்கக் குழந்தை தூங்க வேண்டும். முந்தைய இரவு நேரம் கழித்துத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டிப்போனால் வேலை சுலபமாக முடியும்.

செவித்திறன் பெரிய அளவில் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற, காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு, ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். கண், தைராய்டு, இரும்புச் சத்து இவற்றையும் டாக்டர் பார்க்கச் சொல்வார். சில குழந்தைகளுக்கு வலிப்பு இருக்கலாம். அதற்கு மருந்து கொடுத்தால், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

அடுத்து, மாவட்டத்தில் உள்ள டி.இ.ஐ.சி.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்பது இதன் முழுப் பெயர். மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இவை இயங்குகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். குழந்தை மருத்துவர், ஃபிசியோதெரபிஸ்ட், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் என ஒரே கூரையின் கீழ் குழு இருக்க வேண்டும் என்பது திட்டம். எல்லா மாவட்டத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இல்லாத சேவைக்கு எங்கே போவது என்று அங்கேயே கேட்டு, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அவர்கள் பார்த்து அனுப்பினால் வழி எளிது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, நேரடியாகவும் போகலாம்.

போகும்போது பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். குறைமாதப் பிரசவமா, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை வந்ததா, கண்ணாடிப் பெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்று நிச்சயம் கேட்பார்கள். இன்னொன்றும் சொல்கிறேன், இதைப் பலரும் செய்வதில்லை. வீட்டில் குழந்தை விளையாடுவதை, சாப்பிடுவதை, அடம்பிடிப்பதை இரண்டிரண்டு நிமிட வீடியோவாக போனில் எடுத்துப்போங்கள். புதிய இடத்தில் குழந்தை அழுதுகொண்டு மடியை விட்டு இறங்காது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்து டாக்டர் முடிவெடுப்பதைவிட, வீட்டில் இயல்பாக இருக்கும் குழந்தையை அவர் பார்ப்பது நல்லது.

டி.இ.ஐ.சி. தவிர வேறு வாசல்களும் இருக்கின்றன. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நடத்தும் இந்த நிறுவனத்தில் மதிப்பீடு, பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985 முதல் இயங்குகிறது, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான வேலையில் நீண்ட அனுபவம் உள்ள இடம். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம். கிராமத்தில் வீட்டுக்கே பணியாளர் வந்து பயிற்சி சொல்லிக்கொடுக்கும் முறையை அவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். உலக வங்கி நிதியுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறக்கப்பட்டுவருகின்றன. உங்கள் ஊருக்கு அருகில் எது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

தெரபி: நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் இடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அரசு மையத்தில் வாரம் ஒன்றோ இரண்டோ முறைதான் நேரம் கிடைக்கும். அதனால் பலர் தனியார் மையத்துக்குப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இன்று தெருவுக்கொரு தெரபி சென்டர் முளைத்திருக்கிறது, தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பாசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சிலர் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள். அடுத்த மூன்று மாதத்தில் என் குழந்தை எதைக் கற்க வேண்டும் என்று குறித்திருக்கிறீர்கள், எழுதித் தர முடியுமா? பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கு "போகப்போகப் பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் யோசியுங்கள். இரண்டாவதற்கு "பெற்றோர் இருந்தால் குழந்தை ஒத்துழைக்காது" என்று சொல்லிக் கதவைச் சாத்தும் மையத்தை நான் நம்பமாட்டேன். முதல் சில நாள் வெளியே நிற்கச் சொல்வது வேறு. மாதக்கணக்கில் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பணம் கட்டுவது வேறு. மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் பயிற்சியாளரிடம் இருக்கும் குழந்தை, மிச்ச நேரம் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. குளிக்கும்போது "கையைத் தூக்கு, காலைக் காட்டு", சாப்பிடும்போது இரண்டு கிண்ணத்தைக் காட்டி "எது வேணும்?", மாடிப்படி ஏறும்போது எண்ணுவது, கேட்பதை உடனே எடுத்துக் கொடுக்காமல் கை நீட்டவாவது செய்யட்டும் என்று ஐந்து விநாடி பொறுப்பது. பயிற்சி என்பது பெரும்பாலும் இதுதான்.

எந்த மொழியில் பேசுவது என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம், அதனால் வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் பேசும் வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும் தடுமாறித் தடுமாறி நாலு ஆங்கிலச் சொல் சொல்வதால் குழந்தைக்குப் பேச்சு வராது. உங்களுக்கு எது சரளமோ அதில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்காது.

போன் விஷயம். போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதேசமயம் போனைக் கொடுத்துச் சோறு ஊட்டும் நேரம், குழந்தையும் நீங்களும் முகம் பார்த்துப் பேசியிருக்க வேண்டிய நேரம். அது போய்விடுகிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

அப்புறம், "மூன்று மாதத்தில் குணமாக்குகிறோம்" என்ற விளம்பரங்கள். ஆட்டிசத்தையே மாற்றிவிடும் மாத்திரை எதுவும் கிடையாது. தூக்கம், வலிப்பு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு போன்ற கூட வரும் பிரச்சினைகளுக்கு மருந்து உண்டு, அதை டாக்டர் சொல்லட்டும். ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சங்களில் பேசுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு மட்டுமே அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையில் இருப்பது, ஆராய்ச்சி என்றால் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைக்கும் முன் இந்த ஒரு வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் குழந்தைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பல குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. கல்யாணப் பேச்சு வரை யோசிப்பவர்கள் உண்டு. யு.டி.ஐ.டி. என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அந்த அட்டையை நீங்கள் யாரிடம் காட்டுகிறீர்களோ அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அது இல்லாமல் உதவித்தொகையும் தேர்வுச் சலுகையும் கிடைக்காது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது எல்லைக்கோடு. விண்ணப்பம் யு.டி.ஐ.டி. இணையதளத்தில். சொந்தமாகச் செய்ய முடியாவிட்டால் இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். குழந்தையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ அறிக்கைகள் கையில் இருக்கட்டும். அப்புறம் அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குத் தேதி தருவார்கள்.

மதிப்பீட்டு நாளில் பெற்றோர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பாசத்திலும் கூச்சத்திலும் "எல்லாம் செய்வான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். சதவீதம் குறைந்துபோகும். கூட்டிச் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். தானாகச் சாப்பிடுகிறானா, நீங்கள் பத்துத் தடவை சொல்லி, கையைப் பிடித்துவிட்டால் சாப்பிடுகிறானா? இரண்டும் ஒன்றல்ல. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதித் தேதியை போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.

பணம்

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். எல்லாருக்கும் கிடைக்காது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதம் போதும், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் பிரிவில் 75 சதவீதம் வேண்டும். விண்ணப்பித்தவுடன் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், ஆனால் விண்ணப்பிக்காமலும் விடாதீர்கள்.

நிரமயா என்ற மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனையில் படுக்காமலே தெரபிக்கும் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் இதில் விசேஷம். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் சேர வேண்டும். பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் இருந்தால் குழந்தைக்காக 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. ரயிலிலும் பேருந்திலும் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. மாநில உதவி எண் 18004250111. கட்டணம் கிடையாது.

பள்ளிக்கூடம்

"எங்கள் பள்ளியில் இந்த மாதிரிக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் பள்ளிகள் உண்டு. இதைவிட மோசம், சேர்த்துக்கொண்டு தினமும் பத்து மணிக்கு போன் செய்து "வந்து கூட்டிப்போங்கள்" என்பது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அதற்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் மனு கொடுக்கலாம்.

அரசுப் பள்ளியைத் தாழ்வாக நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் பல தனியார் பள்ளிகளைவிட அங்கே ஏற்பாடு அதிகம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், ஃபிசியோதெரபிஸ்டும் வருவார். பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி. வருடம்தோறும் வட்டார அளவில் மருத்துவ முகாம் நடத்துகிறார்கள், அங்கே மதிப்பீடும் அட்டைப் பதிவும் சேர்ந்தே நடக்கும். மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. முகாம் தேதியைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சை எடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

வழக்கமாக அம்மா வேலையை விடுவார், அப்பா கூடுதல் வேலை பார்ப்பார், மூத்த பிள்ளை கேட்பாரற்று நிற்கும். வாரத்தில் ஒரு பயிற்சிக்காவது அப்பா கூட்டிப்போக வேண்டும் என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று வீட்டில் இருவருக்கும் தெரிந்தால்தான் பயிற்சி நிலைக்கும். மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கும் தனித்து வளர்க்கும் தந்தைகளுக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் அதற்கு வயது வரம்பு கிடையாது. பயிற்சி மையத்தின் வாசலில் காத்திருக்கும் மற்ற அம்மாக்களிடம் பேசுங்கள். எந்த டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார், எந்தப் பள்ளி உண்மையிலேயே சேர்த்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பதினெட்டு வயதுக்கு முன்

பிள்ளைக்கு 18 ஆனதும் சட்டப்படி அவர் தனி ஆள். வங்கியிலோ சொத்து விஷயத்திலோ பெற்றோர் என்பதால் மட்டும் நீங்கள் கையெழுத்திட முடியாது. நிரமயாவுக்குச் சொன்ன அதே நான்கு குறைபாடுகளில் ஒன்று இருந்து, தனியாக முடிவெடுக்க முடியாத நிலை என்றால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமனம் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு இதை முடிவு செய்கிறது, நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். யு.டி.ஐ.டி. அட்டை தற்காலிகமாக இருந்து காலாவதியாகியிருந்தால் மனு நின்றுவிடும். அதனால் பதினேழு வயதிலேயே அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.